குடைத்துணித் தொப்பி

1999 மார்ச் 9, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்து குளித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி, ஏழு மணி ஷிப்டுக்கு ராஜபாளையம் மில் வாசலில் இறங்கினேன். டைம் ஆபீஸில் ஆட்களின் வருகையைச் சரிபார்த்தேன். ஸ்பின்னிங்கில் இருவர் வரவில்லை. மாற்று ஆட்களை அனுப்பினேன். மதியம் தூக்குச்சட்டியில் சோறும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும். மூன்றரைக்குச் சங்கு ஊதியது. மில் ஸ்டாண்டில் நிற்கும் என் சைக்கிளை எடுத்து, டீக்கடையில் நாலு உளுந்த வடையைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு, சேத்தூர் ரோட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். செவ்வாய்தோறும் போவது வழக்கம். எதுவும் மாறாத நாள் என்றே நினைத்திருந்தேன்.

அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண் முதலில் கதவுக்குப் பின்னால் உள்ள ஆணிக்குப் போகும். அதில் மச்சானின் தொப்பி தொங்கும். அக்காவின் கணவரைத்தான் மச்சான் என்கிறேன். கடையில் வாங்கிய தொப்பி அல்ல அது. பழைய குடையின் கருப்புத் துணியை இரண்டு மடிப்பாக மடித்து, சுற்றிலும் ஒரு சாண் விளிம்பு வைத்து, பின்பக்கம் கழுத்தை மூடத் தனித் துண்டு வைத்து, தாடைக்குக் கீழே கட்ட நாடாவும் வைத்துத் தைத்தது. எட்டு வருஷத்தில் இது மூன்றாவது தொப்பி. தொப்பி ஆணியில் இருந்தால் மச்சான் வீட்டில் இருக்கிறார். ஆணி வெறுமையாக இருந்தால் வெளியே போயிருக்கிறார். அன்று ஆணி வெறுமையாக இருந்தது. ஆனால் மச்சான் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், தலையில் தொப்பியோடு. வீட்டுக்குள் அவர் தொப்பி போட்டு நான் பார்த்ததே இல்லை.

"மாப்ளே, செத்த இங்க வா. ஒன் அக்கா தண்ணிக்குப் போயிருக்கா. அவ வாரதுக்குள்ள பாத்துரு" என்றார். கழுத்தை மூடியிருந்த துண்டை ஒரு கையால் தூக்கினார். இடது காதுக்குக் கீழே, சட்டைக் காலர் உரசும் இடத்தில், துவரம்பருப்பு அளவுக்கு ஒரு பொருக்கு இருந்தது. ஓரம் சிவந்திருந்தது.

"எம்புட்டு நாளா இருக்கு?"

"தெரியல. சனிக்கிழம எண்ணெ தேய்க்கயில அவ கையில சிக்கல. நேத்துக் காலர் பட்டு எரிஞ்சிச்சு." துண்டை இறக்கிவிட்டார். பிறகு, "நாளைக்கே மதுரை ஆஸ்பத்திரிக்குப் போயிருவமா?" என்றார்.

என் கையில் வடைப் பொட்டலம் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே மச்சான் இதே போலக் கழுத்தைச் சாய்த்து, வலது காதில் இருந்த இன்னொரு பொருக்கை எனக்குக் காட்டியிருக்கிறார். அன்று அவர் முகத்தில் பயம் இல்லை. இருந்தது சந்தோஷம். 

மச்சான் பிறக்கும்போதே நிறம் இல்லாமல் பிறந்தவர். முடி, புருவம், கண்ணிமை எல்லாம் வெளிறிய வைக்கோல் நிறம். தோல் பால் வெள்ளை. வெயிலில் அரைமணி நேரம் நின்றால் செங்கல்லாகச் சிவக்கும். அவர் கண்மணிகள் ஓர் இடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியவில்லை. வாத்தியார் முதல் பெஞ்சில் உட்கார வைத்தார், அப்போதும் தெரியவில்லை. படிப்பு வரவில்லை என்று ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். படித்திருந்தால் என்னைப் போல் ஒரு கூரைக்கு அடியில் உட்கார்ந்திருப்பார். வெயிலைத் தாங்கவே முடியாத தோல் உள்ள மனிதர், கண் தெரியாத ஒரே காரணத்தால், வெயிலைத் தவிர வேறொன்றும் இல்லாத வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்.

அந்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து ஊர்களில் ஆஸ்பத்திரிக்கான கட்டுத்துணி நெய்வதும் வெளுப்பதும் பெரிய தொழில். தறியிலிருந்து வரும் துணி பழுப்பாக இருக்கும். அதைச் சோடாக் காரத்தில் அவித்து, பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறப்போட்டு, அலசிப் பிழிந்து, மரமே இல்லாத ஒரு பொட்டலில் வரிசை வரிசையாகக் கயிறு கட்டிக் காயப்போடுவார்கள். அந்தப் பொட்டலைக் களம் என்பார்கள். ஈரத் துணியை ஒருவர் தோளில் சுமந்து ஓட, இன்னொருவர் பிடித்து விரித்துக்கொண்டே போவார். சித்திரை மாதத்தில் அந்தக் களத்துக்குள் நுழைந்தால் கண்ணைத் திறக்க முடியாது. மேலே வெயில், கீழேயும் பக்கங்களிலும் வெள்ளைத் துணி. நான் ஐந்து நிமிஷம் நின்றாலே தலை வலிக்கும். மச்சான் பதினாறு வயதிலிருந்து அங்கே ஓடிக்கொண்டிருந்தார்.

களத்தில் எல்லோரும் அவரைத் 'தொரை' என்றுதான் கூப்பிடுவார்கள். "ஏலே தொரை, லண்டன்ல இன்னைக்கு வெயிலு எப்பிடி?" என்று கேட்பார்கள். "இங்கய விடக் கம்மிதான். டிக்கெட்டு எடுத்துத் தாங்கலே, போயிருதேன்" என்பார். பேச்சில் அவரை யாரும் ஜெயித்தது இல்லை. அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று கரண்ட் போய்விட்டது. வீட்டில் எல்லோரும் விளக்குத் தேடித் தடுமாற, "லைட்டுக்கு ஒண்ணும் அலைய வேண்டாம், அதான் நான் வந்திருக்கம்லா" என்றார். அடுப்படியில் இருந்த அக்கா சிரித்த சத்தம் கூடம்வரைக்கும் கேட்டது. கல்யாணம் அந்தச் சிரிப்பிலேயே முடிவாகிவிட்டது என்று என் அப்பா சொல்வார். மச்சானின் சிரிப்புப் பேச்சை நம்பிக்கொண்டு, அவருக்குள் ஒரு வலியும் இல்லை என்று நாங்கள் அத்தனை பேரும் நினைத்துக்கொண்டோம்.

களத்தில் இன்னொரு வழக்கம் இருந்தது. கழிவாக ஒதுக்கிய கட்டுத்துணியை யார் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆண், பெண் எல்லோரும் அதைத்தான் தலையிலும் முகத்திலும் சுற்றிக்கொள்வார்கள். மச்சான் கண்ணை மட்டும் விட்டுவிட்டு மீதி முகத்தைச் சுற்றிக்கொள்வார். பார்ப்பதற்கு எங்கேயோ அடிபட்டு வந்தவர் போல் இருப்பார். வெயிலுக்கு அது போதும் என்று அவர் நம்பினார். களமே நம்பியது, நானும் நம்பினேன். புண்ணுக்குக் காற்றுப் போக வேண்டும் என்பதற்காகவே இழை விட்டு இழை நெய்யும் துணி அது. அதற்கு இந்தப் பக்கம் நின்று ஊதினால் அந்தப் பக்கம் எரியும் தீக்குச்சி அணைந்துவிடும். காற்று போகும் ஓட்டை வழியாக வெயிலும் போகும் என்று, அந்தத் துணியிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓர் ஊருக்குத் தோன்றவில்லை.

1991 ஏப்ரலில் ஒரு நாள். ஷிப்ட் முடிந்து, அவரோடு டீ குடிக்கலாம் என்று களத்துக்குப் போனேன். மற்றவர்கள் கொட்டகை நிழலில் இருந்தார்கள். மச்சான் மட்டும் நடுக்களத்தில், முகத்தில் துணி இல்லாமல், சட்டைக் கையைத் தோள்வரைக்கும் சுருட்டிவிட்டு, மேற்கே சாயும் வெயிலைப் பார்த்து நின்றார். வேலை ஒன்றும் செய்யவில்லை, சும்மா நின்றார். கிட்டே போனதும் காட்டமான ஓர் எண்ணெய் வாடை அடித்தது. கைகள் பளபளத்தன. முழங்கைக்கு மேலே கொப்புளம் கொப்புளமாக இருந்தது.

"என்ன மச்சான் இது?" என்றேன்.

"கத்தாத." சுற்றிலும் பார்த்துக்கொண்டார். தலையைச் சாய்த்து, வலது காதின் மேல் ஓரத்தை விரலால் மடக்கிக் காட்டினார். சுண்டைக்காய் அளவுக்கு ஒரு பொருக்கு, காய்ந்த புளி நிறத்தில் இருந்தது. "பாத்தியா? நெறம் வருது மாப்ளே. பொறந்ததுல இருந்து என் ஒடம்புல இந்தக் கலர நீ பாத்திருக்கியா?"

விஷயம் இதுதான். முந்தைய ஆடியில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்கு வந்த ஒரு நாட்டு மருந்து வியாபாரி, ரதவீதி ஓரத்தில் கடை விரித்து, வெண்புள்ளிக்கு என்று கார்போக அரிசி எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தான். மச்சானைப் பார்த்ததும் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறான். எண்ணெயைத் தேய்த்து வெயிலில் நிற்க வேண்டும். முதலில் சிவக்கும், பிறகு கொப்பளிக்கும், பிறகு பொருக்குக் கட்டும், பொருக்கு உதிரும் இடத்தில் ஊர் நிறம் வந்துவிடும் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறான். வெண்புள்ளி என்பது இருந்த நிறம் போவது. மச்சானுக்கு இருந்தது பிறவியிலேயே நிறம் இல்லாமல் போனது. இரண்டும் வேறு வேறு என்பது அந்த வியாபாரிக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. அவன் சொன்ன வரிசைப்படியே சிவந்தது, கொப்பளித்தது. கடைசியில் காதில் பொருக்கும் வந்தது. எனவே அந்தப் புண்ணை மச்சான் ஆறவிடாமல் காப்பாற்றினார். விதை ஊன்றியவன் முளையைப் பார்ப்பது போலத் தினமும் கண்ணாடியில் பார்த்தார்.

அன்று இரவு எனக்கு வேறொருவர் நினைவு வந்தது. எங்கள் மில்லில் பஞ்சு பிரிக்கும் புளோ ரூமில் ஒருவர் இருந்தார், புகையிலை போடுகிறவர். கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண், ஆறிவிடும் ஆறிவிடும் என்றே மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு மதுரைக்குப் போனார். அவர் பெயரை நானே வருகைப் பதிவிலிருந்து எடுக்கும்படி ஆயிற்று. ஆறாத புண் என்ற சொல் அதிலிருந்து எனக்கு ஒரு சாதாரணச் சொல்லாக இல்லை. அடுத்தடுத்த செவ்வாய்க்கிழமைகளில் போய், டாக்டரிடம் போவோம் என்று மச்சானைக் கெஞ்சினேன். "டாக்டர்ட்டப் போனா ஆத்திப்புடுவாரு மாப்ளே, பொறவு நெறம் எங்கருந்து வரும்?" என்றார். அக்காவிடம் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? தலகாணி உறையில தெனமும் ரத்தம். கேட்டா எரிஞ்சு விழுதாரு. இந்த மனுசன் எங்கிட்ட ஒரு நாளு எரிஞ்சு விழுந்ததில்லடா" என்றாள். பொருக்கு மே மாதத்தில் புளியங்கொட்டை அளவுக்கு வந்தது. நடுவில் குழி விழுந்தது. எனக்கு மில்லில் வேலை ஓடவில்லை. யாராவது காதைச் சொறிந்தால்கூட அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

கடைசியில் அவரை டாக்டரிடம் அனுப்பியது நானும் இல்லை, அக்காவும் இல்லை. களத்து மேஸ்திரி. ஜூன் மாதம், காற்றுக் காலம். ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மச்சான் ஓடும்போது துணி காதில் உரசிப் பொருக்கு பெயர்ந்துவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. அந்தத் துணி முழுவதையும் விரித்து முடித்த பிறகு பார்த்தால், வெளுத்த துணியில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் ரத்தச் சொட்டுகள். மேஸ்திரி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், வாய் நீளம். "ஏமய்யா தொரை! புண்ணு வந்த பொறவு கட்டத்தான்யா இந்தத் துணி. கட்டுறதுக்கு முந்தியே ரத்தத்தக் காட்டுனா எவன் வாங்குவான்?" என்று கத்தியிருக்கிறார். களமே சிரித்திருக்கிறது. மச்சானும் சிரித்தாராம். மேஸ்திரி கிட்டே வந்து அந்தக் காதைப் பார்த்தார். அதோடு அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "ஆறுன பொறவு களத்துக்கு வந்தாப் போதும். டாக்டர் சீட்டு இல்லாம வராத" என்று சொல்லி, தன் சைக்கிளிலேயே ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் விட்டுவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். மதுரையிலிருந்து வாரம் ஒரு நாள் வருகிறவர். காதை நெடுநேரம் பார்த்தார். கழுத்தில், தாடைக்குக் கீழே விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். என்ன வேலை, எத்தனை வருஷமாக, எந்த நேரத்தில் என்று கேட்டார். எண்ணெய் விஷயத்தை நான் சொன்னேன். "வெயிலுக்கு என்ன பாதுகாப்பு?" என்றார். மச்சான் பெருமையாகப் பையிலிருந்து கட்டுத்துணியை எடுத்துக் காட்டினார். டாக்டரம்மா அதை வாங்கி மச்சானின் முகத்துக்கு முன்னால் திரையாகப் பிடித்தார்.

"இதுக்குள்ளேருந்து நான் தெரியுறேனா?"

எனக்கே தெரியும், மச்சானின் கண் அவ்வளவு மோசம். அப்படியும் அவர், "நல்லாத் தெரியுதீங்கம்மா. பொட்டுகூடத் தெரியுது" என்றார்.

"நீங்க என்னைப் பார்க்க முடிஞ்சா, வெயிலும் உங்களைப் பார்க்கும்."

அதற்குப் பிறகு அவர் சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது, ஏனென்றால் மச்சான் அப்போது ஒன்றையும் கேட்டுக்கொள்ளவில்லை. இது வெண்புள்ளி இல்லை, எந்த எண்ணெயாலும் நிறம் வராது. இந்த எண்ணெய் வெயிலைத் தோலுக்குள் இன்னும் ஆழமாக இழுத்துப் பொசுக்கும். இன்றோடு விட வேண்டும். காதுப் புண்ணுக்கு எண்ணெய் மட்டும் காரணம் இல்லை, அது வருஷக்கணக்கில் வாங்கிய வெயில். மற்றவர்கள் தோலில் இருக்கும் நிறம்தான் அவர்களுக்குக் கூரை. உங்களுக்கு அந்தக் கூரை இல்லை, அதனால் கூரையை நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும். நெருக்கமாக நெய்த, கனமான, அடர்நிறத் துணி. சுற்றிலும் விளிம்பு உள்ள தொப்பி, காதும் கழுத்தும் மூட வேண்டும். முழுக்கைச் சட்டை, கருப்புக் கண்ணாடி. பத்து மணியிலிருந்து நாலு மணிவரைக்கும் வெளியே நிற்கக் கூடாது. குடை மட்டும் போதாது, ஏனென்றால் வெள்ளைத் துணியில் விழும் வெயில் கீழேயிருந்தும் அடிக்கும். தடவும் களிம்பு உண்டு, இங்கே கிடைப்பது கஷ்டம். என்னைப் பார்த்து, "கருப்பா இருக்கோம், நமக்கு வராதுன்னு நீங்களும் இருந்துடாதீங்க. நமக்கு ரொம்பக் குறைவு, அவ்வளவுதான். உதட்டுல, பழைய தீப்புண் தழும்புல, கால்ல, எங்க இருந்தாலும், ஒரு மாசத்துல ஆறாத புண்ணைக் காட்டிடணும்" என்றார்.

மச்சான் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அப்ப இது நெறம் இல்லியாம்மா?"

"இல்லை. இது தோல்ல வர்ற கேன்சரா இருக்கலாம். மதுரையில சின்னத் துண்டு எடுத்துப் பார்க்கணும்."

வெளியே வந்து, தேரடிப் பக்கம் ஒரு கடை நிழலில் நின்றோம். கேன்சர் என்ற சொல்லுக்கு அவர் பயந்த மாதிரி தெரியவில்லை. காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஆசையாய் வளர்த்த ஒன்று பொய்யாகிவிட்டது. அதற்குத்தான் அவர் முகம் அப்படி வாடியிருந்தது.

மதுரையில் துண்டு எடுத்தார்கள். முடிவு தெரிய நாள் ஆகும் என்றார்கள். அந்த நாட்களில் அக்கா விளக்கேற்றும்போதுகூட வாய்விட்டுக் கும்பிடவில்லை. என்ன கேட்பது என்று தெரியவில்லை என்றாள். முடிவு டாக்டரம்மா பயந்தபடிதான் வந்தது. கழுத்தில் நெறி எதுவும் கட்டவில்லை, அது ஒன்றுதான் நல்ல செய்தி. காதின் மேல்பாதியையும் அதைச் சுற்றிய தோலையும் எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ஆபரேஷன் முடிந்த மறுநாள் தலையைச் சுற்றிக் கட்டோடு படுத்திருந்தார். விரலால் அந்தக் கட்டுத்துணியைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "மாப்ளே, இது நம்ம களத்துத் துணி இல்ல. இழை நெருக்கமா இருக்கு" என்றார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். நான் சிரிக்க முயன்றேன்.

அன்று சாயங்காலம்தான், நான் கேட்காமலே சொன்னார். முந்தைய ஆடியில் அவர் மகள் நாலாம் வகுப்பு. ஒரு நாள் பள்ளி விட்டு அவளைக் கூப்பிடப் போயிருக்கிறார். கூட இருந்த பிள்ளைகள், "ஏட்டி தொரை மக, ஒங்க அய்யா வந்துட்டாரு" என்று கத்தியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அந்தப் பிள்ளை, "இனிமே நீங்க வராதீங்கப்பா, அம்மாவ அனுப்புங்க" என்றாளாம். "களத்துல அம்புட்டுப் பேரும் சொல்லுதானுக, நானும் சிரிச்சிக்கிட்டேதான இருந்தேன். அது சொன்னப்பதான் மாப்ளே ஏதாச்சும் செய்யணும்னு இருந்துச்சு" என்றார். அந்த வாரம்தான் தேர். அந்த வாரம்தான் எண்ணெய்.

ஊர் திரும்பியதும் அக்கா முதலில் தேடியது குடைத் துணியை. அதைவிடக் கனமான, ஒளி ஊடுருவாத துணி எங்கள் வீடுகளில் இல்லை. வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். ஒற்றைத் துணியில் வெளிச்சம் தெரிந்தது என்று இரண்டு மடிப்பாக மடித்துப் பிடித்தாள். கடைத்தெருவில் தையல்கார பாய்க்கு அளவு சொன்னபோது அவர், "குடையத் தலையிலயே தச்சுட்டா கைக்கு வேலை மிச்சம்மா. காம்ப மட்டும் எங்க சொருகன்னு சொல்லிரு" என்றார். தைத்து வந்த தொப்பியையும், மில்லில் நான் வாங்கிய கருநீல முரட்டுத் துணியில் தைத்த முழுக்கைச் சட்டையையும் போட்டுக்கொண்டு மச்சான் கண்ணாடி முன்னால் நின்றார். ஆடும் கண்களை இடுக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இப்பத்தான் மாப்ளே நெறம் வந்துச்சு" என்றார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். அது சிரிப்பா வேறெதுவுமா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

மேஸ்திரி அவரைக் களத்திலிருந்து எடுத்து, துணி சுற்றி ரோல் போடும் கொட்டகைக்குள் போட்டார். அது பெண்கள் மட்டும் வேலை செய்யும் இடம். "தொரை பொம்பளையாளு வேலைக்கு வந்துட்டாரு டோய்" என்று களத்திலிருந்து கத்தினார்கள். "ஆமாலே, வளையல்தான் இன்னும் வந்து சேரல" என்று இவரும் பதிலுக்குக் கத்துவார். அவரைப் பார்த்துக் களம் திருந்தியது என்று சொல்ல எனக்கு ஆசைதான், அப்படி நடக்கவில்லை. பெரும்பாலோர் இன்றும் அதே சல்லடைத் துணியைத்தான் சுற்றிக்கொள்கிறார்கள். மேஸ்திரி ஒருவர் மட்டும், யாரிடமும் எதுவும் சொல்லாமல், தடித்த துண்டுக்கு மாறினார். ஈரத் துணி விரிப்பதையும் விடிகாலைக்கு மாற்றிவிட்டார். கேட்டால், காற்று அப்போதுதான் அடங்கியிருக்கிறது என்று காரணம் சொல்வார்.

டாக்டரம்மா ஒன்று சொல்லியிருந்தார். இனி நிழலிலேயே இருந்தாலும், வாங்கிய வெயில் தோலை விட்டுப் போகாது. எப்போது வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் முளைக்கலாம், அதனால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அன்றிலிருந்து சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் அக்காவுக்குச் சோதனை நாள். முற்றத்தில் நிழல் இருக்கும் காலை நேரத்தில் அவரை மனையில் உட்கார வைத்து, நல்லெண்ணெயைத் தேய்த்துக்கொண்டே தலை, காது மடல், கழுத்து, முதுகு, விரல் இடுக்கு என்று விரலாலேயே படித்துக்கொண்டு வருவாள். அவர் கதை சொல்லிக்கொண்டிருப்பார். அவள் காதில் விழாது. முடித்துவிட்டு "ஒண்ணுமில்ல" என்று சொல்வாள். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் அந்த வீட்டில் சனிக்கிழமை தொடங்கும். அவர்கள் மகள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. தொப்பி இருந்தாலும், சாயங்காலம் கொட்டகை வாசலில் தன் குடையோடு போய் நின்று அப்பாவைக் கூட்டிவருகிறாள்.

இத்தனையும், அந்தச் செவ்வாய்க்கிழமை, வடைப் பொட்டலத்தோடு நான் நின்ற அந்தச் சில நிமிஷங்களில் எனக்குள் ஓடியது. வாசலில் குடத்தை இறக்கும் சத்தம் கேட்டது. அக்கா உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள், ஆணியைப் பார்த்தாள், மச்சானின் தலையைப் பார்த்தாள்.

"வீட்டுக்குள்ள எதுக்குத் தொப்பி?"

 ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அவளே நாடாவை அவிழ்த்துத் தொப்பியை எடுத்தாள். அவர் தலையை ஜன்னல் பக்கம் திருப்பி, பொருக்கைச் சுற்றி விரலால் மெல்ல அழுத்தினாள். கழுத்தில், தாடைக்குக் கீழே, டாக்டரம்மா அழுத்திய அதே இடங்களில் அழுத்திப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தொப்பியை ஆணியில் மாட்டினாள். "மொத பஸ்ஸு எத்தன மணிக்குடா?" என்று என்னைக் கேட்டாள். 

ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் மில் ஆள் ஒருவரிடம், நான் வரவில்லை என்று வீட்டுக்குச் சொல்லியனுப்பிவிட்டு அங்கேயே தங்கினேன். மகளுக்கு மறுநாள் பரீட்சை. "நான் எழுதிட்டு வந்துருவேன், நீங்க போங்கப்பா" என்றாள். மதுரைக்குப் போகும் பஸ்ஸில் காலை வெயில் வலப்பக்கம் அடிக்கும். இடப்பக்க ஜன்னலும் வேண்டாம், உள்சீட்டில் அவரை உட்கார வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே படுத்திருந்தேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பொருக்கை டாக்டரிடம் காட்டவே எத்தனையோ வாரம் போயிற்று. இந்த முறை ஒரே நாள்தான் போயிருக்கிறது. அது போதுமா என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை அக்கா எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், முதல் வேலையாக ஆணியிலிருந்து தொப்பியை எடுத்து மச்சான் தலையில் வைத்தாள். வெளியே கும்மிருட்டு.

"ஏட்டி, இன்னும் விடியவே இல்லியே" என்றார் மச்சான்.

"மதுரை போறதுக்குள்ள விடிஞ்சிரும்ல" என்று சொல்லி, நாடாவைத் தாடைக்குக் கீழே இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டாள்.